வேலூர் வெயிலில் மீந்ததைக் காப்பாற்ற: அடுப்பை அணைத்த முதல் ஒரு மணி நேரம்

மீந்த சோறு மறுநாள் தேறுமா, குப்பைக்குப் போகுமா என்பது முந்தின நாள் அடுப்பை அணைத்த ஒரு மணி நேரத்துக்குள் முடிவாகிவிடுகிறது. காலையில் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கும்போது செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. அதனால் இந்தக் கட்டுரையில் முதலில் ஆறவைப்பதும் எடுத்துவைப்பதும். மீந்ததில் என்ன செய்யலாம் என்பது அதற்குப் பிறகுதான்.

சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ புதிதாகக் குடித்தனம் தொடங்குகிறவர்கள், அறை எடுத்துச் சமைத்துச் சாப்பிடும் மாணவர்கள், சிகிச்சைக்காக வந்து வாரக்கணக்கில் தங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த ஊரின் வெப்பத்தை. கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். பாலாற்றில் தண்ணீர் ஓடாத மாதங்களில் சுற்றியுள்ள மலைப்பாறைகள் ராத்திரியிலும் அனலைக் கக்கும். குளிர்ந்த ஊரில் பழகிய கணக்கு இங்கே செல்லாது. மதியம் வைத்த சாம்பாரை மேடையிலேயே விட்டால் விளக்கு வைக்கும் நேரத்தில் நுரை கட்டியிருக்கும்.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, இந்திய வீடுகளில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ உணவு வீணாகிறது என்று மதிப்பிட்டிருக்கிறது. தோல், எலும்பு போன்றவையும் அந்தக் கணக்கில் அடங்கும். அவற்றைக் கழித்தாலும் நான்கு பேர் உள்ள வீட்டில் மூட்டைக்கணக்கில் சோறும் குழம்பும் போகிறது என்றுதான் அர்த்தம். விளைவித்தவர் உழைப்பு, சமைத்தவர் உழைப்பு, கேஸ், தண்ணீர் எல்லாம் அதோடு சேர்ந்து போகிறது.

முதல் வேலை: அளவு

ஒரு வாரம் மட்டும் தினசரி காலண்டர் தாளின் பின்புறத்தில் அன்றன்று என்ன கொட்டினீர்கள், எவ்வளவு என்று எழுதுங்கள். "சோறு 2 கரண்டி, தேங்காய்ச் சட்னி அரைக் கிண்ணம்" என்ற அளவில் போதும். ஏழு தாளையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் வீட்டில் எது தவறாமல் மீந்துபோகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலான வீடுகளில் அது சோறும் சட்னியும்தான்.

பெரியவர் ஒருவருக்கு ஒரு வேளைக்கு 80 முதல் 100 கிராம் அரிசி போதும். வெந்தால் ஏறக்குறைய மூன்று மடங்கு எடை வரும். குழம்பு, பொரியல், ரசம், மோர் என்று எல்லாம் இருக்கும் நாளில் 80 கிராமே மீந்துபோகும். "யாராவது வந்தால்" என்று தினமும் ஒரு கைப்பிடி கூடப் போடுகிற பழக்கம் நல்ல மனசிலிருந்து வருவது. ஆனால் யாரும் வராத நாள்தான் மாதத்தில் அதிகம். வந்தால் வடிக்க இருபது நிமிடம் போதும், அதற்குள் பேசிக்கொண்டிருக்கலாம்.

ஆறவைப்பது எப்படி

சோற்றில் இருக்கும் ஆபத்து கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாதது. அரிசியிலேயே பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். கொதிநீரில் வெந்தாலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. "நல்லா சூடு பண்ணிட்டா ஒண்ணும் ஆகாது" என்பது சோற்று விஷயத்தில் தப்பு. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம். வேலூரில் மாசி கடைசியிலிருந்து ஆவணி வரை ஒரு மணி நேரக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைப்பதும் வெயிலில் காயவைப்பதும் தனிக் கணக்கு, அவை பின்னால் வரும்.

குண்டானில் மூடி வைத்த சோற்றின் நடுப்பகுதி மூன்று, நான்கு மணி நேரம் ஆனாலும் சூடாக இருக்கும். மூடியில் கட்டும் ஆவி நீர் திரும்பச் சோற்றில் சொட்டி மேல்பகுதி கொழகொழத்துப்போகும். எனவே சாப்பிட்டு எழுந்ததும் மீந்த சோற்றை அகலமான தாம்பாளத்தில் ஒரு அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள். மேலே மெல்லிய பருத்தித் துணி, பக்கத்தில் மின்விசிறி. அரை மணியில் கை பொறுக்கும் சூட்டுக்குக் கீழே வந்துவிடும். உடனே டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும்.

குழம்பைப் பரப்ப முடியாது. பெரிய பேசினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி அதில் குழம்புப் பாத்திரத்தை இறக்கி வையுங்கள். அவ்வப்போது கிளறி, தண்ணீர் சூடேறினால் மாற்றுங்கள். வெயில் காலத்தில் மேல்தொட்டித் தண்ணீரே சுடும் என்பதால் பானைத் தண்ணீரையோ கொஞ்சம் ஐஸையோ பயன்படுத்துங்கள். கொதிக்கும் பாத்திரத்தை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தால் பக்கத்தில் இருக்கும் பாலும் தயிரும் சூடேறும், நடுவில் இருக்கும் குழம்பும் சீக்கிரம் ஆறாது. பெரிய பாத்திரத்தில் இருப்பதை இரண்டு சின்னப் பாத்திரங்களாகப் பிரித்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று, பரிமாறும் முறை. பாத்திரத்தை நடுவில் வைத்து எல்லோரும் கரண்டி போடும் வீட்டில் எதுவும் மறுநாளைக்கு நிற்காது. தேவையான அளவைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்து பரிமாறுங்கள். தாய்ப் பாத்திரத்தில் சுத்தமான, ஈரமில்லாத கரண்டி மட்டுமே போக வேண்டும். தேங்காய் அரைத்து ஊற்றும் குழம்பாக இருந்தால் அன்றைக்குத் தேவையான பாதியைத் தனியே எடுத்து அதில் மட்டும் தேங்காயைச் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். தேங்காய் சேராத பாதி ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் நிற்கும்.

மின்தடை நாளை மறக்காதீர்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குப் போகும் மின்சாரம் பல நாள் மாலையில்தான் வரும். கதவைத் திறக்காமல் வைத்தால் ஃப்ரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். முதல் நாள் பேப்பரில் அறிவிப்பைப் பார்த்ததும் இரண்டு பாட்டில் தண்ணீரை உறைய வைத்து, காலையில் மேல்தட்டில் வைத்துவிடுங்கள். மீந்தவற்றை அன்று காலைப் பலகாரத்தோடு முடித்துவிடுவது இன்னும் நல்லது.

சோறு: மூன்று வழி

ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்திலேயே வேலூர்ப் பக்கத்து வீடுகள் பழகி வைத்திருந்த வழி பழைய சோறு. சரியாகச் செய்தால் மிகச் சிறந்த வழியும் அதுதான். ஆனால் பலர் இன்று தப்பாகச் செய்கிறார்கள். மதியம் வடித்து, பொழுதெல்லாம் மூடிக் கிடந்து, ராத்திரி பத்து மணிக்குத் தண்ணீர் ஊற்றிய சோறு பழைய சோறு ஆகாது. ஏற்கெனவே கெடத் தொடங்கியதைத் தண்ணீரில் மூழ்கடித்ததாகவே முடியும். இரவுச் சாப்பாட்டுக்கு வடித்த சோறுதான் இதற்கு ஏற்றது.

செய்முறை இப்படி. புழுங்கல் அரிசிச் சோறு, அதுவும் கஞ்சி வடித்ததாக இருக்க வேண்டும். குக்கரில் குழைந்த சோறும் பச்சரிசிச் சோறும் காலையில் கூழாகிவிடும். பரப்பி ஆறவைத்த இரண்டு கிண்ணம் சோற்றை மண்சட்டியில் போட்டு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைச் சோற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி ஊற்றுங்கள். உப்பு வேண்டாம், காலையில் போட்டுக்கொள்ளலாம். துணி கட்டியோ தட்டு போட்டோ மூடி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சித்திரை, வைகாசியில் 8 மணி நேரம் போதும். மார்கழியில் 12 மணி நேரம்கூட ஆகும். காலையில் நீராகாரத்தில் இளம் புளிப்பு மணம் வர வேண்டும். சோறு நசுக்கினால் மசிய வேண்டும், வழுக்கக் கூடாது. நூல் விட்டாலோ ஊசல் வாடை அடித்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் வைத்துக்கொண்டு மதியத்துக்கு இழுக்காதீர்கள்.

மண்சட்டியைச் சோப்பு போட்டுக் கழுவினால் சோப்பு அதன் துளைகளில் ஏறி அடுத்த நாள் சோற்றில் இறங்கும். தேங்காய் நார் கொண்டு சுடுநீரில் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைத்தால் போதும். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர்மிளகாய், வேர்க்கடலைத் துவையல், இல்லாவிட்டால் அடுத்து வரும் சுண்டக்குழம்பு.

சிகிச்சைக்காக வந்து தங்கியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள், அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள், கைக்குழந்தைகள் ஆகியோருக்குப் பழைய சோறோ மீந்த உணவோ கொடுக்க வேண்டாம். அவர்களுக்கு அன்றன்று அளவாகச் சமைத்ததுதான் சரி. மற்றபடி மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். மீந்ததைத் துணைக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது வழி, ஃப்ரிட்ஜில் வைத்த சோற்றைக் கலந்த சாதமாக்குவது. குளிரில் சோறு விறைத்து உதிரி உதிரியாகும். புளிச்சோற்றுக்கும் எலுமிச்சைச் சோற்றுக்கும் அதுவே வசதி. வெறும் சோறாகச் சாப்பிடுவதென்றால் ஒரு கை தண்ணீர் தெளித்து இட்லிப் பானையில் துணி விரித்து ஏழு நிமிடம் ஆவியில் வையுங்கள். ஒரு முறை சூடாக்கியதை மறுபடி உள்ளே வைக்கக் கூடாது. ஒரு நாளுக்குள் முடித்துவிடுங்கள். தோசைக்கு அரைக்கும்போதும் சேர்க்கலாம்: ஊறப்போட்ட அரிசி இரண்டு கிண்ணத்துக்குச் சோறு அரைக் கிண்ணம். அதற்கு மேல் போனால் தோசை கல்லைவிட்டு எழும்பாது.

மூன்றாவது, சோற்று வடகம். வேலூர் வெயிலைத் திட்டாமல் வேலை வாங்கும் ஒரே வழி இதுதான். கெடாத சோறு இரண்டு கிண்ணம், பச்சை மிளகாய் 4, சீரகம் ஒரு தேக்கரண்டி, பெருங்காயம் ஒரு சிட்டிகை, உப்பு அரைத் தேக்கரண்டி. தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்து, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து பிசையுங்கள். வெயில் ஏறும் முன், காலை எட்டு மணிக்குள், மாடியில் ஈரத்துணி விரித்துச் சுண்டைக்காய் அளவு கிள்ளி வையுங்கள். மாலையில் துணியின் பின்புறம் தண்ணீர் தெளித்து உரித்தெடுத்து, மறுநாள் தாம்பாளத்தில் போட்டுத் திருப்பித் திருப்பி இரண்டு நாள் காயவிடுங்கள். ஒன்றை எடுத்து ஒடித்தால் சட்டென்று முறிய வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, டப்பாவில் போட்டால் பூசணம் பிடிக்கும்.

உப்பு குறைவாகத் தெரிகிறதே என்று கூட்டாதீர்கள். காய்ந்து சுருங்கியதும் உப்பு தூக்கிக் காட்டும். மதியத்துக்கு மேல் தொடங்கினால் ராத்திரிக்குள் மேல்தோல்கூடக் காயாமல் புளித்துப்போகும். ஐப்பசி, கார்த்திகையில் முயற்சியே வேண்டாம், வடகிழக்குப் பருவமழைக்கு வடகம் தாங்காது.

கேழ்வரகுக் களி மீந்தால் இவ்வளவு வேலைகூட இல்லை. உருண்டையை முழுதும் மூழ்கும்படி தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் கரைத்து, உப்பும் மோரும் நறுக்கிய வெங்காயமும் சேர்த்தால் கூழ். தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி காய்ந்து தோல் கட்டும், அது கரையாது.

குழம்பு

புளி தாங்கும், பருப்பு தாங்காது, தேங்காய் அறவே தாங்காது. குழம்பு விஷயத்தில் இந்த வரிசையை நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும். காரக்குழம்பும் மீன்குழம்பும் ஃப்ரிட்ஜில் இரண்டு, மூன்று நாள் இருக்கும். சாம்பாரை மறுநாளே முடிக்க வேண்டும். தேங்காய்ச் சட்னியை அடுத்த வேளைக்கே நம்ப முடியாது. அதனால்தான் அதை அளந்து அரைக்கச் சொல்வது. இருவருக்குக் கால் மூடித் தேங்காய் போதும்.

சுண்டக்குழம்புக்குக் காரக்குழம்பு, வத்தக்குழம்பு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு ஆகியவற்றின் மிச்சங்களை ஒன்றாக ஊற்றலாம். சாம்பாரையோ கூட்டையோ அதில் கலக்காதீர்கள், பருப்பு அடிப்பிடித்துக் கருகும். மண்சட்டியில், சின்னத் தீயில், பாதியாக வற்றும் வரை வையுங்கள். கடைசியில் நல்லெண்ணெய் இரண்டு தேக்கரண்டி. எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நின்றால் பதம். வற்ற வற்ற உப்பும் காரமும் ஏறும் என்பதால் எதையும் கூடச் சேர்க்க வேண்டாம். உப்பு கரித்துவிட்டால் கொஞ்சம் நீர்த்த புளிக்கரைசலும் வதக்கிய வெங்காயமும் சேர்த்து ஒரு கொதி விடுங்கள். அலுமினியம், ஈயம் பூசாத பித்தளை இரண்டிலும் புளிக்குழம்பை இரவு முழுக்க வைக்கக் கூடாது. புளிப்பு உலோகத்தை அரித்துக் குழம்பில் இறக்கும்.

மறுநாள் குழம்பு சுவை மங்கித் தெரிந்தால் தாளிப்பு வடகம் (வெங்காயம், கடுகு, பருப்பு சேர்த்து இடித்துக் காயவைத்தது) ஒரு சிட்டிகை எடுத்து எண்ணெயில் சிவக்க வறுத்து மேலே கொட்டுங்கள். புதுக்குழம்பு வாசனை வந்துவிடும். ஆனால் இது மங்கிய குழம்புக்கான வைத்தியம். கெட்ட குழம்பின் வாடையை மறைக்க இதைச் செய்தால் வயிறுதான் அனுபவிக்கும்.

மீந்த சாம்பார் ஒரு கிண்ணம் இருந்தால் அரை ஆழாக்கு அரிசியைக் குழைய வேகவைத்து, சாம்பாரைத் தனியே தளதளவென்று கொதிக்கவிட்டு, இரண்டையும் சேர்த்துக் கிளறிச் சாம்பார் சாதமாக்குங்கள். ரசம் மீந்தால் வடிகட்டி, அடுத்த சாம்பாருக்குப் பருப்பு வெந்ததும் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றலாம். பருப்பு வேகும் முன்னே ஊற்றினால் புளிப்பில் பருப்பு வேகவே வேகாது. பொரியல் எதுவானாலும் அடை மாவில் கலந்துவிடலாம். நீர்விடும் சுரைக்காய், பூசணி மட்டும் பிழிந்துவிட்டுச் சேருங்கள்.

கத்தரிக்காய்

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் இந்த ஊரின் பெருமை. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் நாளில் இரண்டு கிலோ வாங்கி, நான்காம் நாள் சுருங்கியதும் தூக்கிப் போடுவது நடக்கிறது. தோல் சுருங்கியது கெட்டதல்ல. எண்ணெய் தடவி நேரடித் தீயில் சுட்டு, தோலை உரித்து, வெங்காயம், தக்காளி, மிளகாயோடு கடைந்தால் இட்லிக்குக் கடைசல். நறுக்கும்போது விதை கறுத்திருந்தால் கசக்கும், புழு துளை இருந்தால் அந்தப் பக்கத்தை வெட்டி எறியுங்கள். மீந்த கடைசலை மறுநாள் காலையில் கொதிக்கவிட்டுத் தோசைக்குத் தொட்டுக்கொண்டால் முதல் நாளைவிட ருசி.

பிரியாணி

ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துப் பிரியாணி பார்சலில் ஒரு விஷயத்தைக் கவனிக்க மாட்டார்கள். தம் போட்டது காலையில். நீங்கள் வாங்கியது மதியம் இரண்டு மணிக்கு. கடையில் அண்டா சூடாக இருந்திருக்கலாம், ஆனால் பொட்டலம் கட்டிய நிமிடத்திலிருந்து உங்கள் ஒரு மணி நேரம் ஓடத் தொடங்கிவிட்டது. சாப்பிட்ட மிச்சத்தை எடுத்துவைப்பதைவிட, பிரித்ததுமே சாப்பிடாத பங்கைத் தனியே எடுத்து ஆறவைப்பதுதான் புத்தி. கறித்துண்டையும் சோற்றையும் பிரித்து வையுங்கள், இரண்டும் சூடேற ஆகும் நேரம் வேறு. மறுநாள் ஆவியில் வைத்து, எலும்பை ஒட்டிய கறியிலும் ஆவி பறக்கும் வரை சூடாக்க வேண்டும். தயிர் வெங்காயம் அன்றே தீர வேண்டும். எண்ணெய்க் கத்தரிக்காய் தொக்கு இரண்டு நாள் இருக்கும்.

மாவு

வெயில் காலத்தில் இட்லி மாவு ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும். ராத்திரி அரைத்து வெளியே வைத்தால் விடிவதற்குள் புளித்து வழியும். அரைத்ததும் இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைப் புளிக்கவிடாமல் உப்புகூடப் போடாமல் உள்ளே வைத்துவிடுங்கள். இரண்டு நாள் கழித்து எடுத்து வெளியே வைத்தால் புதுமாவு போலவே பொங்கும். மிஞ்சிப் புளித்த மாவு இரண்டு கிண்ணத்துக்கு ரவை அரைக் கிண்ணம் கலந்து பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, வதக்கிய வெங்காயம், மிளகாய் சேர்த்துக் குழிப்பணியாரம் ஊற்றலாம். மேலே இளஞ்சிவப்போ கறுப்போ புள்ளி தெரிந்தால் மேல்பகுதியை மட்டும் வழித்தெடுத்துப் பயனில்லை, முழுதையும் கொட்ட வேண்டும். மீந்த இட்லியை உப்புமாவாக்க, அது ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்த பிறகு உதிருங்கள். சூட்டோடு உதிர்த்தால் பிசின் போல ஒட்டும்.

மாட்டுக்குப் போடுவது

"வீணாக்கவில்லை, மாட்டுக்குத்தான் போட்டேன்" என்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். வெந்த சோறு, பொங்கல், பிரியாணி இவற்றை மாடு நிறையத் தின்றால் அதன் முதல் வயிற்றில் அமிலம் மளமளவென்று ஏறிவிடும். வயிறு உப்பி, அசை போடுவது நின்று, படுத்துவிடும். உயிரே போகலாம். விருந்து, பண்டிகைகளுக்கு மறுநாள் கால்நடை மருத்துவர்களிடம் இப்படி மாடுகள் வருவது வழக்கம். ஒரு கைப்பிடி சோற்றைக் கழுநீரில் கரைத்து வைப்பது வேறு, மீந்த அண்டாவைத் தெருவில் கவிழ்ப்பது வேறு. காய்த் தோல், கீரைத் தண்டு, வாழைத் தோல், கழுநீர் ஆகியவற்றைத் தாராளமாகக் கொடுங்கள். பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வைத்தால் மாடு பையோடுதான் விழுங்கும். தட்டில் மீந்த எலும்பு, மசாலா, எண்ணெய்ச் சோறு எல்லாம் மட்கும் குப்பை வாளிக்கு. வாளியில் போடும் முன் தண்ணீரை வடித்துவிடுங்கள், மறுநாள் குப்பை வாங்க வருபவர் கையில் அது நாறாமல் இருக்கும்.